மூளையின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கலாமா?



இருதயக் குழாயில் அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். மூளைக்குள் அடைப்பு இருந்தால் அங்கேயும் வைத்துவிட்டால் என்ன? பக்கவாதம் கண்டவரின் வீட்டார் இப்படிக் கேட்பது இயல்பே. நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று துணிகிறவர்களும் உண்டு. மூளைக்குள் ஓடும் குழாய்கள் கொழுப்புப் படிந்து சுருங்குவது ஆசிய மக்களிடையே அதிகம் என்பதால், இதை நாம் அறிந்திருப்பது நல்லது.

இதைச் சோதித்தறிய அமெரிக்காவில் 2008-ல் 'சாம்பிரிஸ்' என்ற ஆய்வு தொடங்கப்பட்டது. குழாய் 70 முதல் 99 சதவீதம் வரை சுருங்கி, அண்மையில் பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 451 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்குத் தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதே மருந்துகளோடு ஸ்டென்ட். 2011 ஏப்ரலில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். காரணம், முதல் 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மருந்துப் பிரிவிலோ 5.8 சதவீதம்தான்!

ஏன் இப்படி? மூளைக் குழாய்களின் சுவர் மெல்லியது. அவற்றிலிருந்து மயிரிழை போன்ற நுண்கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குச் செல்கின்றன. ஸ்டென்ட் விரியும்போது நசுங்கும் கொழுப்பு, அக்கிளைகளின் வாயை அடைத்துவிடலாம். சிலருக்கு இரத்தக் கசிவும் உண்டாகிறது. 2022-ல் வெளியான சீன ஆய்வில், கைதேர்ந்த மருத்துவர்கள் நோயாளிகளைக் கவனமாய்த் தெரிந்தெடுத்துச் செய்தும், மருந்தைவிட மேலான பலன் கிட்டவில்லை.

அந்த மருந்துகள் ஒன்றும் அபூர்வமானவை அல்ல. ஆஸ்பிரின், அதோடு 90 நாட்களுக்குக் குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை. மேல் இரத்த அழுத்தம் 140-க்குக் கீழும், கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழும் இருக்கவேண்டும் என்பதே சாம்பிரிஸ் ஆய்வின் இலக்கு. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், புகைப்பதை விடுவதும், தினமும் நடப்பதும் இச்சிகிச்சையைச் சேர்ந்தவையே. உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

ஸ்டென்ட் அறவே கூடாது என்பதல்ல. மருந்தை ஒழுங்காய் உட்கொண்டும் மீண்டும் மீண்டும் பக்கவாதம் வருகிற சிலருக்கு மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள். ஸ்டென்ட் இல்லாமல் சிறு பலூனால் குழாயை மெதுவாக, ஓரளவு மட்டும் விரிக்கும் முறை பலன் தருவதாகச் சீனாவில் 501 பேரிடம் செய்த ஆய்வு 2024-ல் காட்டியது. கழுத்துக் குழாய் அடைப்புக்கான சிகிச்சை வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.