களிமண் என்னும் வினையூக்கி

செஞ்சியில் வாழும் நமக்குக் களிமண் புதிதன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி போன்ற மலைகளின் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் சிதைந்து களிமண்ணாகிறது. களிமண்ணில் ஒரு வகை, தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகவும் பயன்படுகிறது.

அதன் பெயர் மாண்ட்மோரில்லோனைட். மழையில் பொங்கிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில் இவ்வினம் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் பென்டோனைட்டில் இதுவே மிகுதி. ஓலைச்சுவடிபோல் ஏடு ஏடாக அமைந்தது இம்மண். ஓர் ஏட்டின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை 10 இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அளவே! ஏடுகளின் இடையே சோடியம், கால்சியம் அயனிகள் தங்கியுள்ளன. வேறு அயனி வந்தால் அவை இடம்விட்டு விலகும். மண்ணைத் திருத்துவதற்கு இக்குணமே வழிசெய்கிறது.

மண்ணை அமிலத்தில் சூடாக்கினால் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே புகுகின்றன. ஏட்டிலுள்ள அலுமினியத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேற, நுண்துளைகள் உண்டாகின்றன. அப்போது 1 கிராம் மண்ணின் மேற்பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டலாம். அமிலம் மிஞ்சினாலோ ஏடுகளே சிதைந்து வெறும் சிலிக்காதான் எஞ்சும். பக்குவம் வேண்டும், சமையலைப் போல.

பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹௌட்ரி, இவ்வாறு திருத்திய களிமண்ணைக் கொண்டு கனத்த எண்ணெயைப் பிளந்து பெட்ரோல் எடுத்தார். 1937இல் அமெரிக்காவில் அதற்கெனப் பெரிய ஆலை இயங்கியது. 1960களில் ஜியோலைட் என்னும் வினையூக்கி அவ்விடத்தைப் பிடித்தது. களிமண் ஏடுகள் கடும் வெப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவது ஒரு குறை. இதற்காக 1970களில் அறிஞர்கள் ஏடுகளிடையே அலுமினிய ஆக்சைடுத் தூண்களை நிறுத்தினர். கோட்டை மண்டபங்களைக் கண்ட நமக்குத் தூணின் அருமை தெரியாதா?

நம் தமிழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழக வேதியியலார் உலோக அயனிகள் ஏற்றிய களிமண்ணை வினையூக்கியாக ஆராய்ந்துள்ளனர்.

ஆய்வுக்கூடத்தில் ஆல்கஹாலையும் அசெட்டிக் அமிலத்தையும் சேர்த்துப் பழமணம் வீசும் எஸ்டர் தயாரிக்கையில் சில துளி அடர் கந்தக அமிலம் விடுகிறோம். வினை முடிந்தபின் அது கழிவுநீரோடு போகிறது. ஆலையளவில் அத்தகைய நீர் ஏரியிலோ கிணற்றிலோ கலந்தால் என்னவாகும் என்று, கோடையில் குடம் சுமக்கும் நம் வீட்டாருக்குச் சொல்லவேண்டியதில்லை. அமிலத்துக்குப் பதில் திருத்திய களிமண்ணை இட்டால், வினை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மண்ணைத் திருத்தவும் அமிலம் வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஒருமுறை திருத்திய மண் பலமுறை உழைக்கிறது.