பக்கவாதத்திற்குப் பின் பேச்சு: சிகிச்சையும் தாய்மொழியும்

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் பாட்டியைப் பேச்சுச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சிகிச்சையாளர் ஒரு சீப்பின் படத்தைக் காட்டி, இது என்ன என்று மலாயில் கேட்டார். பாட்டி பேசாமல் இருந்தார். தாளில் பூஜ்யம் விழுந்தது. அதே படத்தைக் காட்டி, "இது என்னா பாட்டி?" என்று நான் கேட்டேன். நெடுநேரம் தேடி, "சீ... சீப்பு" என்றார். மொழியியல் மாணவியான நான் இத்துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

பேச்சிழப்பு என்பது என்ன?

பெரும்பாலோருக்கு மொழியாற்றல் மூளையின் இடப்பக்கத்தில் அமைந்துள்ளது. அங்கு இரத்த ஓட்டம் தடைபட்டால் மொழி பாதிக்கப்படும். இதுவே 'அஃபேசியா' எனப்படும் பேச்சிழப்பு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் சொல்ல இயலாத நோயாளியை ஆராய்ந்தார். 1874-இல் ஜெர்மானியரான வெர்னிக்கி, சரளமாகப் பேசினாலும் பொருள் விளங்காமல் பேசுவோரைப் பற்றி எழுதினார். இவ்விரு வகையினரும் இழந்தது மொழியை, அறிவையன்று.

சிகிச்சை பயன் தருமா?

தரும். 57 ஆய்வுகளையும் 3,002 நோயாளிகளையும் உள்ளடக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2016-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பேச்சிலும் வாசிப்பிலும் எழுத்திலும் முன்னேறினர் என்று அது காட்டியது. 2017-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு, பக்கவாதம் கண்டு ஆறு மாதத்திற்கு மேலான 156 பேரைக் கொண்டது. மூன்று வாரம், வாரத்திற்குக் குறைந்தது 10 மணி நேரம் சிகிச்சை பெற்றோரின் பேச்சுத் தொடர்பு மேம்பட்டது. காத்திருந்தோருக்கு அக்காலத்தில் மாற்றமில்லை. "ஆறு மாதம் ஆயிற்று, இனி வராது" என்று நாம் சொல்வது தவறு.

2019-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு வேறொரு பாடம் கற்பித்தது. 278 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், வீட்டில் கணினிவழிப் பயிற்சி செய்தோர் பயின்ற சொற்களை நன்கு நினைவுகூர்ந்தனர். ஆனால் உரையாடல் மேம்படவில்லை. சொல்லைப் பயின்றால் மட்டும் போதாது. பேச ஆளும் வேண்டும்.

எந்த மொழியில்?

பன்மொழியாளருக்கு எல்லா மொழிகளும் ஒன்றாகத் திரும்பலாம். ஒன்று மட்டும் முந்தலாம். எனவே அவர் அறிந்த ஒவ்வொரு மொழியிலும் சோதிக்க வேண்டும். கனடிய அறிஞர் மிஷேல் பாராடி 1987-இல் வெளியிட்ட இருமொழிப் பேச்சிழப்புச் சோதனை, வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, அந்தந்த மொழிக்கேற்ப அமைக்க வேண்டும் என்ற கொள்கை உடையது.

தமிழைப் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்தார் என்று நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். மலாயில் எல்லாருக்கும் 'டாத்தாங்' ஒன்றே. தமிழில் விகுதி தடுமாறும் ஒருவரை மலாய்ச் சோதனை எப்படிக் கண்டுபிடிக்கும்? மேலும், "மழை பெய்கிறது" என்பதைவிட "மழ பெய்யுது" என்பதே தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டியின் மொழி. சோதனை எழுத்துத்தமிழில் இருந்தாலும் அவர் தடுமாறுவார்.

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் அவர்கள் சொல்லைத் தேடும்போது காத்திருங்கள்; வாக்கியத்தை நாமே முடித்துவிட வேண்டாம். ஆம், இல்லை என்று பதில் தரக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். சைகையும் படமும் பயன்படட்டும். நானும் பாட்டிக்காகப் பேசி முடித்தவள்தான். உதவி என்று நினைத்தே அப்படிச் செய்தேன்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பேச்சுச் சிகிச்சைக்கு இளங்கலைப் பட்டக்கல்வி உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த தம்பி தங்கைகளிடம் இத்துறையைப் பற்றிச் சொல்லுங்கள். சிகிச்சை அறையின் மறுபக்கத்தில் தமிழறிந்த ஒருவர் அமர்ந்திருந்தால், பாட்டியின் தாளில் முதலிலேயே பூஜ்யம் விழுந்திருக்காது.