யந்திரமும் உழைப்பின் கணக்கும்

யந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் புகையும் சப்தமும் நிறைந்த ஆலைகளே பலருடைய நினைவிற்கு வருகின்றன. ஆயினும் கல்லைப் பெயர்க்கும் கடப்பாறையும், வண்டியில் மூட்டை ஏற்றச் சார்த்தும் பலகையும், விறகைப் பிளக்கும் ஆப்பும், கிணற்று ராட்டினமும் யந்திரங்களேயாம். இவை எளிய யந்திரங்கள் எனப்படும். இத்தகையவை இரண்டோ பலவோ கூடி ஒரே காரியத்தைச் செய்யுமாயின் அது கூட்டு யந்திரமாகும்.

அங்கத்தினர் ஒருவர் யந்திரம் வாங்கக் கடன் கேட்கும்போதும், சங்கமே பொதுவில் ஒன்றை வாங்க எண்ணும்போதும், யந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். இல்லாவிடில் விற்பவர் சொல்வதையே நம்பிக் கையெழுத்திட நேரும்.

1. நெம்புகோல்

5 அடி நீளமுள்ள கடப்பாறையின் நுனியை ஒரு பெருங்கல்லின் கீழ்ச் செலுத்தி, நுனியிலிருந்து அரை அடி தூரத்தில் சிறு கல்லொன்றைத் தாங்கியாக வைப்பதாகக் கொள்வோம். கைப்பக்கம் நாலரை அடி; கல்லின் பக்கம் அரை அடி. முன்னது பின்னதைப்போல் 9 மடங்கு. ஆகவே நுனியில் தங்கும் பாரம் 450 ராத்தலாயின், கையினால் 50 ராத்தல் அளவு அழுத்தினால் போதும். ஆனால் கல் ஓரங்குலம் எழும்புவதற்குக் கை 9 அங்குலம் தாழவேண்டும். பாரத்தைத் தூரத்தால் பெருக்கிப் பார்த்தால் இருபுறமும் 450 என்ற ஒரே தொகைதான் வரும். வலிமையில் கண்ட லாபம் தூரத்தில் செலவாகிவிட்டது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஸைரக்யூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் அறிஞர் நெம்புகோலின் விதியைக் கணித முறையில் நிலைநாட்டினார்.

தராசும் ஒரு நெம்புகோலே. அதன் இரு கைகளும் சம நீளமாயிருந்தால்தான் நிறை நேர்மையாகும். ஒரு கை 10 அங்குலமும் மற்றொன்று 11 அங்குலமுமாக இருந்து, எடைக்கல் நீண்ட கையிலும் நெல் குறுகிய கையிலும் வைக்கப்பட்டால், 10 ராத்தல் கல்லுக்கு 11 ராத்தல் நெல் கொடுக்க நேரும். வெறுந்தட்டுகள் சமமாக நிற்பது போதிய சான்றாகாது. தட்டின் எடையைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிக்கட்டிவிடலாம். நிறுத்தபின் கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். விளைபொருளை விற்கும் ஒவ்வொரு குடியானவரும் இச்சோதனையை அறிந்திருக்கவேண்டும்.

2. சாய்தளம்

150 ராத்தல் மூட்டையை 3 அடி உயரமுள்ள வண்டியில் நேராகத் தூக்கிவைக்க 150 ராத்தல் வலிமையும் வேண்டும். 9 அடிப் பலகையைச் சார்த்தி அதன்மேல் தள்ளினால், உராய்வு நீங்கலாக, 50 ராத்தல் வலிமை போதும். ஆனால் 9 அடி தூரம் தள்ளவேண்டும். 150 ஐ 3 ஆல் பெருக்கினாலும் 50 ஐ 9 ஆல் பெருக்கினாலும் 450 தான். ஆப்பு என்பது இரு சாய்தளங்கள் முதுகோடு முதுகு சேர்ந்தது. திருகு என்பது ஒரு கம்பியைச் சுற்றி ஏறும் சாய்தளம்.

3. கப்பி

மேலே நிலையாகக் கட்டிய ஒற்றைக் கப்பி வலிமையைச் சிறிதும் பெருக்குவதில்லை. இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. எனினும் குனிந்து மேல்நோக்கி இழுப்பதைவிட, நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுப்பது உடம்புக்கு இலகு. பாரத்துடன் கூடவே ஏறும் கப்பியொன்றையும் சேர்த்தால் பாதி வலிமை போதும். ஆனால் இரு மடங்கு கயிற்றை இழுக்கவேண்டும்.

4. கவலை என்னும் கூட்டு யந்திரம்

எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் பரவுவதற்கு முன், தமிழ்நாட்டுக் கிணறுகள் பலவற்றில் கவலையே நீர் இறைத்தது. அதில் கப்பியும் சாய்தளமும் ஒன்றுகூடி வேலை செய்தன.

சால் ஒன்று 30 காலன் நீர் கொள்வதாகவும், கிணற்றின் ஆழம் 20 அடியாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு காலன் நீரின் எடை 10 ராத்தலாதலால் சாலின் நீர் 300 ராத்தல். அதை 20 அடி உயர்த்த 6,000 அடி-ராத்தல் வேலை வேண்டும். இரு மாடுகளும் சேர்ந்து 1,000 ராத்தல் எடையுள்ளவையாய், 20 அடிச் சரிவில் 4 அடி தாழ இறங்கினால், அவற்றின் உடற்பாரமே 4,000 அடி-ராத்தலைக் கொடுத்துவிடுகிறது. மிகுதி 2,000 மட்டுமே அவை இழுத்துச் சம்பாதிக்கவேண்டியது. வடத்தின்மேல் உட்காரும் ஆளின் பாரமும் இதற்கு உதவியது.

இந்த 4,000 இனாமாகக் கிடைத்ததா? இல்லை. மாடுகள் சரிவில் திரும்ப ஏறும்போது தம் உடலை 4 அடி உயர்த்தி அதே 4,000 ஐத் திருப்பிச் செலுத்தின. பெருந்தொகையை ஒரே நாளில் கட்ட இயலாதவர் தவணையில் கட்டுவதுபோல, ஒரே மூச்சில் செய்யவியலாத வேலையை இரு பகுதியாக்கிக் கொடுத்ததே கவலையின் சிறப்பு.

5. உராய்வு

இதுவரை கூறிய கணக்குகளில் உராய்வு சேர்க்கப்படவில்லை. அச்சும் கயிறும் சக்கரமும் உராயுமிடத்தில் ஒரு பங்கு வேலை சூடாகி வீணாகிறது. ஆகையால் எந்த யந்திரமும், அதில் செலுத்தியதைவிடக் குறைவான வேலையையே திருப்பித் தருகிறது. எண்ணெயிடாத அச்சு தினந்தோறும் உழைப்பைத் திருடுகிறது.

6. எஞ்சின் வாங்குமுன்

எஞ்சினும் மோட்டாரும் இவ்விதிக்கு விலக்கல்ல. அவை மாட்டின் உழைப்பிற்குப் பதிலாக எண்ணெயின் அல்லது மின்சாரத்தின் சக்தியைச் செலவிடுகின்றன. வேலையைச் சூனியத்திலிருந்து உண்டாக்குவதில்லை. நிமிஷத்திற்கு 33,000 அடி-ராத்தல் வேலையை ஒரு குதிரைச்சக்தி என்று 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் வகுத்தார். 20 அடி ஆழத்திலிருந்து ஒரு குதிரைச்சக்தி, நஷ்டமே இல்லாவிடினும், நிமிஷத்திற்கு 165 காலனுக்குமேல் நீர் இறைக்க இயலாது. பம்பிலும் குழாயிலும் உண்டாகும் நஷ்டம் போக, கிடைப்பது இதனினும் குறைவு. அதே ஆழத்தில் அதே சக்தியால் 300 காலன் வருமென்று எவரேனும் உறுதி கூறினால், அவ்வுறுதியை நம்பிக் கடன் பத்திரம் எழுதலாகாது.

ஆகவே நிர்வாக சபையார் கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டறிதல் நலம்:

முதலாவது, எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்கவேண்டும், அதற்கு வேண்டும் சக்தி எவ்வளவு?

இரண்டாவது, கிணற்றில் அவ்வளவு நீர் ஊறுகிறதா? ஊற்றில்லாத கிணற்றில் பெரிய எஞ்சின் அரைமணியில் ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, வருஷத்தில் எத்தனை நாள் அது ஓடும்? சில நாட்களே வேண்டுமாயின், பலர் கூடிப் பொதுவில் வாங்கி முறைவைத்து உபயோகிப்பது உத்தமம்.

நான்காவது, எண்ணெயிடுவதும் பழுது பார்ப்பதும் யாருடைய பொறுப்பு? பொதுச் சொத்தில் இதைப் பெயர் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும்.

யந்திரம் ஓடாத நாளிலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். கணக்குப் பாராமல் வாங்கிய யந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்க, அதற்காக ஈடுவைத்த நிலம் கைமாறுவது கொடிய நஷ்டம். கணக்கறிந்து வாங்கிய சிறு கருவியோ, முதுகை வளைக்கும் பாரத்தைக் குறைத்து, ஆளுக்கும் மாட்டுக்கும் ஆயுளைக் கூட்டும். அடுத்த மூட்டையை வண்டியில் ஏற்றுமுன் ஒரு நீண்ட பலகையைத் தேடியெடுப்பதே இப்பாடத்தின் முதற்பயனாகும். அதற்குக் கடன் வேண்டியதில்லை.