சத்தம் வேறு, சக்தி வேறு

அமரவிளையில் நெய்யாற்றின் மேல் பாலம் உண்டு. களியக்காவிளைக்குப் போகும் நெடுஞ்சாலை அந்த வழியாகப் போகிறது. இரவும் பகலும் வண்டிகள் ஓடும். சில வண்டிகள் வருவதே தெரியாது. சில வண்டிகள் வெடி வெடிப்பது போல வரும். தொட்டிலில் தூங்கும் பிள்ளை திடுக்கிட்டு அழும்.

எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். ஒரு நாள் பாடம் முடிந்ததும் அவர் கேட்டார்:

“மக்கா, என் மகன் பழைய பைக் ஒன்று வாங்கியிருக்கிறான். சைலன்சரை மாற்ற வேண்டுமாம். 6,000 ரூபாய் கேட்கிறான். மாற்றினால் பிக்கப் கூடுமாம். குடும்பஸ்ரீயில் கடன் எடுத்துக் கொடுக்கலாமா? அவன் சொல்வது உண்மையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “வாருங்கள் அக்கா, தெரிந்தவரிடம் கேட்போம்” என்றேன். மெக்கானிக் அண்ணனிடம் போனோம். மகனும் பைக்கோடு வந்தான்.

சைலன்சரின் வேலை என்ன?

அண்ணன் சொன்னார்:

“எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகின்றன. அங்கே எரிகின்றன. அந்த விசையில்தான் சக்கரம் சுற்றுகிறது. எரிந்த புகை வேகமாக வெளியே வரும். அதை அப்படியே விட்டால் காது அடைக்கும். சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளைகளும் இருக்கின்றன. புகை அவற்றில் புகுந்து வருகிறது. அதனால் சத்தம் அடங்குகிறது.

புதிய வண்டிகளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. புகைக் குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற பாகம் இருக்கிறது. அது தேன்கூடு போல இருக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுப் புகையைக் குறைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி நடப்பில் இருக்கிறது. அதற்கு இந்தப் பாகம் தேவை. சைலன்சரை மாற்றும்போது பலர் இதையும் கழற்றிவிடுகிறார்கள். அந்த நச்சு நம் மூச்சில் கலக்கிறது.”

பிக்கப் கூடுமா?

“அண்ணா, புகை தடையில்லாமல் போனால் சக்தி கூடும்தானே?” என்று மகன் கேட்டான்.

அண்ணன் சிரித்தார். “தம்பி, புகைக்குழாய் வைத்த அடுப்பைப் பார்த்திருக்கிறாயா? குழாய் அடைத்தால் அடுப்பு எரியாது. அது சரி. குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் என்ன ஆகும்? புகை மெதுவாகும். இழுப்பு குறையும். விறகும் காற்றும் கூடாமல் குழாயை மட்டும் மாற்றினால் தீ கூடுமா?

எஞ்சினும் அப்படித்தான். உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் சேர்ந்து கூட வேண்டும். பந்தய வண்டிகளில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். அதனால் பலன் கிடைக்கிறது. அதுவும் மிக வேகமாக ஓடும்போதுதான் தெரியும். நம் சாலையில் ஓட்டும் வேகத்தில் சில வண்டிகளுக்கு இழுவை குறையவும் செய்யும். காருக்கும் இதே கணக்குத்தான்.”

“யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்குக்குக் கூடுமே?”

“நல்ல கேள்வி. அது டூ ஸ்ட்ரோக் வண்டி. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை செய்தார்கள். அந்த எஞ்சினில் புதிய பெட்ரோல் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். சரியான வடிவத்தில் செய்த குழாய் அதைத் திருப்பி உள்ளே தள்ளும். அதனால் சக்தி கூடும். உன் பைக் ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சத்தம் கூடியதும் வேகம் கூடியது போலக் காதுக்குத் தோன்றும். காது நம்மை ஏமாற்றும்.”

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இருக்கிறது. வண்டியின் அமைப்பை நம் விருப்பம் போல மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில் சோதனை நடத்தியது. சைலன்சரை மாற்றிய வண்டிகளைப் பிடித்தது.

அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். “சைலன்சருக்கு 6,000. அபராதம் 5,000. மொத்தம் 11,000. கடனுக்கு வட்டி வேறு!”

குறை எங்கே இருந்தது?

அண்ணன் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தினார். பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அது உடனே நின்றுவிட்டது. பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். தூசி கொட்டியது. செயின் தளர்ந்து கிடந்தது. டயரில் காற்றும் குறைவு.

“உள்ளே போகும் மூச்சை அடைத்து வைத்துவிட்டு, வெளியே போகும் மூச்சைக் குறை சொல்கிறாயே தம்பி!” என்றார்.

எல்லாவற்றையும் சரி செய்தார். புது ஏர் ஃபில்டர் போட்டார். எஞ்சின் ஆயிலையும் மாற்றினார். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மகன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். “அம்மா, வண்டி நன்றாக இழுக்கிறது” என்றான். அக்கா கடன் எடுக்கவில்லை.

நினைவில் வைப்போம்

• சத்தம் கூடினால் சக்தி கூடாது.
• பிக்கப் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டர், பிரேக், செயின், டயர் காற்று, ஆயில் ஆகியவற்றைப் பார்ப்போம்.
• சைலன்சர் ஓட்டையானாலும் அடைத்தாலும் அதைச் சரி செய்ய வேண்டும். அந்த வண்டிக்கு உரியதையே போட வேண்டும்.

பதில் எழுதுங்கள்

1. சைலன்சர் செய்யும் வேலை என்ன?
2. பைக்கின் பிக்கப் குறைந்ததற்குக் காரணங்கள் யாவை?
3. உங்கள் வீட்டில் யாராவது சைலன்சரை மாற்றப் பணம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?