கொசுத்தேனீயும் பருவகாலமும்

வீட்டுச் சுவரின் இடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் குடியிருக்கும் கொசுத்தேனீயை அறியாத குடியானவர் சிலரே. சுமார் 4 மில்லிமீட்டர் நீளமேயுள்ள இதற்குக் கொட்டுங் கொடுக்கு இல்லை. இது சேர்க்கும் தேன் சொற்பமாயினும் நல்ல விலை பெறுவது. தோட்டப் பயிர்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் இது உதவுகின்றது. ஆகவே, பானையிலும் மூங்கிற் குழாயிலும் மரப்பெட்டியிலும் இதனை வளர்ப்போர் பலர். கோடையில் செழித்திருந்த கூடு மழைக்காலம் முடியுமுன் அழிந்ததென அவர்களிற் சிலர் வருந்துவதுண்டு. இவ்வழிவிற்குப் பட்டினி ஒரு முக்கிய காரணமாகும். அது எவ்வாறு நேருகின்றதென்பதைக் கவனிப்போம்.

வெப்பமும் குளிரும்: உடல் மிகச் சிறியதாகையால் இவ்வினம் விரைவில் சூடேறி, விரைவில் குளிர்ந்துவிடும். சுமார் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வெப்பம் இறங்கினால் வெளிச்செல்லும் தேனீக்கள் மிகக் குறைவு. வெயில் ஏற ஏற வேலை மும்முரமாகும். மலர்களில் மகரந்தம் நிறைந்திருக்கும் காலை வேளையில் அதனை மிகுதியாகச் சேகரிக்கும். கோடையின் கடும் நண்பகலில் போக்குவரத்து தணியும். அப்பொழுது சில தேனீக்கள் சிறகு வீசிக் கூட்டிற்குக் காற்றோட்டம் உண்டாக்கும்.

மழை: மழை பெய்யும்பொழுது இவை வெளிவருவதில்லை. மழை மகரந்தத்தைக் கழுவி, மலரிலுள்ள மதுவையும் நீர்த்துப் போகச் செய்வதால், மழை விட்டதும் உடனே பூரண இரை கிடைப்பதில்லை. பறக்கும் தூரமோ சில நூறு மீட்டரே; அருகிற் பூவில்லையெனில் தொலைவிற் சென்று தேடவும் இயலாது. அடைமழை நாட்களில் கூட்டின் தேன்குடங்களிலும் மகரந்தக் குடங்களிலும் உள்ள சேமிப்பே குடும்பத்தையும் புழுக்களையும் காப்பாற்ற வேண்டும்.

தேனெடுக்கும் காலம்: கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. அத்தகைய இடங்களில், வேம்பு முதலியவை பூத்து ஓய்ந்தபின், வைகாசியில் மழை தொடங்குமுன் ஒருமுறை தேனெடுத்தல் நலம். அப்பொழுதும் எல்லாக் குடங்களையும் வெட்டியெடுத்தல் கூடாது. ஒரு பகுதியையேனும் விட்டுவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சற்று முன்னர்க் கூட்டைத் திறந்து தேனெடுப்பதும் பிரிப்பதும் தகாது. கூட்டைக் காலை வெயில் படவும், உச்சி வெயிலும் சாரலும் படாதவாறும் வைத்தல் வேண்டும்.

நேரிற் கண்டறியும் வழி: கூட்டின் வாயிலிலுள்ள பிசின் குழலருகே காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் 5 நிமிடம் அமர்ந்து, பின்கால்களில் மகரந்தம் சுமந்து திரும்பும் தேனீக்களை எண்ணுக. அன்றைய வானத்தின் நிலையையும் அருகில் பூத்துள்ளவற்றையும் உடன் குறித்து வருக. ஓராண்டு இவ்வாறு எழுதிவரின், தத்தம் ஊரில் வரவுள்ள மாதமெது, பஞ்ச மாதமெது என்பது தெளிவாகும். பஞ்ச மாதத்திற்கு வேண்டியதை விட்டு, மிகுதியை எடுப்பவரே ஆண்டுதோறும் தேன் பெறுவர்.