தேயிலை மண்ணில் மரக்கறி செழிக்க 12 குறிப்புகள்

கோவா உருளவில்லை, கரட் விரல் தடிப்புக்கு மேல் வரவில்லை, போஞ்சி இலை மஞ்சளடிக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து லயங்களில் அடிக்கடி கேட்கும் கவலை இது. விதையைக் குறை சொல்லுமுன் மண்ணைப் பாருங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகு, மெல்ல மெல்ல இந்தச் சரிவுகளும் தேயிலைக்கென்றே பழக்கப்பட்டுவிட்டன. அந்த மண்ணை மரக்கறிக்கும் பழத்துக்கும் ஏற்றதாகத் தேற்றலாம்.

1. முதலில் புளிப்பை அறியுங்கள். தேயிலைக்குப் பிடித்த மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். பெருமழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆண்டுக்கணக்கில் போட்ட அமோனியா உரமும் புளிப்பைக் கூட்டுகிறது. புளிப்பு மிகுந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். நீங்கள் போடும் பொஸ்பரசும் செடிக்குக் கிடைக்காது. மண் பரிசோதனை பற்றி விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.

2. புளிப்புக்கு மருந்து டொலமைட். ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட வேண்டும். யூரியாவோடும் பச்சை எருவோடும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

3. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு வேண்டாம். உருளைக்கிழங்கு ஓரளவு புளிப்பைத் தாங்கும். டொலமைட் கூடினால் கிழங்கில் சொறி விழும். கோவாவுக்கோ டொலமைட் அவசியம். கோவாவின் வேரைத் திரணை திரணையாக வீங்கவைக்கும் நோய் புளிப்பு மண்ணில்தான் வேகமாகப் பரவும்.

4. அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாதீர்கள். கவ்வாத்து மிலாறு எரித்த சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. சலித்து, சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவினால் போதும். பிளாஸ்டிக், பெயின்ட் பூசிய பலகை எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

5. கூட்டெருவை வீட்டிலேயே செய்யுங்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பச்சைப் புல் ஒரு அடுக்கு. காய்ந்த இலை, வைக்கோல் ஒரு அடுக்கு. நடுவே கொஞ்சம் மாட்டுச் சாணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். மழையில் சத்து கழுவிப் போகாதபடி மேலே தகரமோ பொலித்தீனோ போடுங்கள். நம் குளிரில் மட்க மூன்று நான்கு மாதம் ஆகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. சேதனப் பசளையை அவசரத்தில் உண்டாக்க முடியாது என்பதை விவசாயிகள் அப்போது பட்டறிந்தார்கள். இன்றே குவியலைத் தொடங்குங்கள்.

6. பாதையோரத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி இலவச உரம். பூக்குமுன் இளந்தண்டோடு வெட்டி, நறுக்கி மண்ணில் புதைத்தால் சில வாரத்தில் மட்கிவிடும். முற்றிய தண்டைப் புதைக்காதீர்கள், அது துளிர்த்துவிடும்.

7. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். இரண்டு மாதமாவது மட்கவிடுங்கள். ஆண்டாண்டாக மரக்கறி பயிரிட்ட நுவரெலியா நிலங்களில் பொஸ்பரசு அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பரிசோதிக்காமல் பொஸ்பரசு உரம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

8. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரே மழையில் மேல்மண் ஓடிவிடும். பாத்தி அரை அடி உயரமாக இருந்தால் வேரில் நீர் தேங்காது. விளிம்பில் கல் அடுக்குங்கள், அல்லது வெட்டிவேர், மானாப் புல் நடுங்கள்.

9. கானில் தேங்கும் வண்டலை வாரிப் பாத்தியில் போடுங்கள். மேலிருந்து ஓடிவந்த வளமான மேல்மண் அது. கழிவுநீர் போகும் கான் மண்ணை மட்டும் தொடாதீர்கள்.

10. மண்ணைத் திறந்து போடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவமழை வெற்று மண்ணை அடித்து இறுக்கிவிடும். காய்ந்த புல்லை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். மண்புழு பெருகும், களை குறையும்.

11. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நடாதீர்கள். கோவாவுக்குப் பின் கரட் அல்லது பீட்ரூட், அதன்பின் போஞ்சி அல்லது பட்டாணி. அவரைக் குடும்பத்துச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். அறுவடையானதும் அவற்றின் வேரைப் பிடுங்காமல் செடியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

12. மரத்தக்காளி, பேரி, பட்டர் புரூட் நட இரண்டடி நீள, அகல, ஆழக் குழி வெட்டுங்கள். மேல்மண்ணோடு மட்கிய எருவும் கொஞ்சம் டொலமைட்டும் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் கழித்து நடுங்கள். பட்டர் புரூட் வேர் நீர் தேங்கினால் அழுகும். அதை மேட்டில் வையுங்கள்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே மறுபடி நடுவதில்லை. மானாப் புல்லோ குவாத்தமாலா புல்லோ 18 மாதம் முதல் 2 வருடம் வரை வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே கன்று வைக்க வேண்டும் என்பது தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. அந்தப் புல்லை நட்டு, வெட்டிப் பரப்பிய கைகள் நம்முடையவை. கொழுந்துக்காக மலைக்குச் செய்த அதே பணிவிடையை, நம் பிள்ளைகள் சாப்பிடும் கீரைக்காக வாசல் பாத்திக்கும் செய்வோம். இந்தப் போகத்தில் ஒரே ஒரு பாத்தியை எடுத்துத் தொடங்குங்கள்.