வெள்ள வரைபடத்தை வீட்டுக் கணினியில் காணுதல்

நியூ சவுத் வேல்ஸில் வீடு வாங்க எண்ணுவோர், அந்நிலம் வெள்ளப் பகுதியில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அறிதல் நலம். இதற்குக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் உதவும். இது குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியாவதால் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

டெபியன் இயங்குதளத்தில் நிறுவும் முறை:

1. சினாப்டிக் செயலியைத் திறந்து கடவுச்சொல்லை உள்ளிடவும்.
2. ‘ரீலோட்’ பொத்தானை அழுத்தி மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கவும்.
3. கியூஜிஐஎஸ் எனத் தேடி, நிறுவுவதற்குக் குறியிடவும். உடன் தேவைப்படும் பொதிகளைச் செயலியே காட்டும், அவற்றையும் ஏற்கவும்.
4. ‘அப்ளை’ பொத்தானை அழுத்தவும்.

பின்னர் வெள்ள வரைபட அடுக்கைத் திறந்து, அதன் ஆள்கூற்று முறைமையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. ஜிடிஏ94, ஜிடிஏ2020 ஆகியவற்றுக்கிடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் வேறுபாடு உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், காணிக்குள் செல்லும் வெள்ளக்கோடு வேலிக்கு அப்பால் இருப்பதுபோல் தோன்றக்கூடும்.

திரையில் காண்பது வழிகாட்டலே; சான்றாகாது. 1979ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் திட்டமிடல், மதிப்பீட்டுச் சட்டத்தின் 10.7ஆம் பிரிவின்கீழ் நகரசபை வழங்கும் திட்டமிடல் சான்றிதழ், விற்பனை ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டும். வெள்ளம் தொடர்பான கட்டுப்பாடுகள் அக்காணிக்கு உண்டா என்பதை அது குறிப்பிடும். அதனை வாசித்த பின்னரே கையொப்பமிடவும். ஐயமிருப்பின் வழக்கறிஞரை நாடவும்.